பழைய .22 ஹார்னெட்டுக்குத் தோட்டா நாமளே போட்டா மலிவாவும் வருமா, நேராவும் போகுமா?

லேத்_சரவணன்

வணக்கம் எல்லாருக்கும். முதல்லயே சொல்லிடுறேன், துப்பாக்கி நம்ம ஊரு சுங்கை சிப்புட்ல இல்ல, மலேசியாவுலயே இல்ல, அதனால யாரும் பயந்துக்க வேணாம். என் தாய்மாமா ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம், ஷெப்பார்ட்டன் பக்கம் பேரிக்காய் தோட்டம் பாக்குறாரு. முயலும் நரியும் தொல்லை. லைசன்ஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர் கண்ணு மங்கிடுச்சுன்னு தன்னோட பழைய பர்னோ .22 ஹார்னெட்டை முறைப்படி மாமா பேருக்கு மாத்திக் கொடுத்துட்டாரு, குட்டி மாசர் மாதிரி ஒரு அழகான போல்ட்டு துப்பாக்கி அது. பர்னோங்கிறது கம்பெனி பேரு, .22 ஹார்னெட்டுங்கிறது அது சுடுற தோட்டாவோட பேரு.

பிரச்சனை தோட்டாதான். கடையில விலை கையைக் கடிக்குது, அதுவும் எப்பவும் கிடைக்கிறது இல்ல. ஒரு பிராண்டு நல்லா போகுது, அது தீந்து வேற பிராண்டு வாங்குனா குறி அட்டையில அங்க ஒன்னு இங்க ஒன்னு. அவரு இப்ப சுட்ட காலித் தோட்டாவுல மறுபடி மருந்தும் குண்டும் போடணும்னு பிரஸ், டை (காலித் தோட்டாவை அமுக்கி அளவுக்குக் கொண்டு வர்ற அச்சு), தராசு எல்லாம் வாங்கி வச்சுட்டு, நீதான் லேத்துல ஆயிரத்துல ஒரு இன்ச்சு பாக்குறவன், தீபாவளிக்கு வரும்போது கூட ஒக்காந்து இதையும் பாருன்னு சொல்றாரு. எனக்கு உலோகம் தெரியும், தோட்டா தெரியாது. விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்க ஆரம்பிக்கிறது, எதுக்குக் காசு போடணும், எதுக்குப் போடக்கூடாது.

கிராணி_மகன்

தம்பி, நல்ல கேள்வி. ஆனா இதைப் படிக்கிற நம்ம ஊரு பசங்களுக்காக ஒன்னு அழுத்திச் சொல்லிட்டுப் போறேன். அங்க லைசன்ஸ்காரன் வீட்டு மேசையில ஒக்காந்து செய்யுற வேலை, இங்க செஞ்சா வாழ்க்கையே போச்சு. 1960 ஆயுதச் சட்டம் 206-ல லைசன்ஸ் இல்லாம தோட்டா செய்யுறது மகா பெரிய குத்தம். அது போக 1971-ல வந்த 37-ம் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம துப்பாக்கி வச்சிருந்தாலே 14 வருஷம் வரைக்கும் உள்ள, கூடவே ஆறுக்குக் குறையாம ரோத்தான், அதான் பிரம்படி. காத்துத் துப்பாக்கிக்கே இங்க லைசன்ஸ் வேணும்.

ஏன் இவ்வளவு கடுமைன்னு வெளியூர்க்காரன் கேக்கலாம், சுங்கை சிப்புட்காரன் கேக்க மாட்டான். 1948 ஜூன் 16, நம்ம ஊரு எல்ஃபில் எஸ்டேட்டுலயும் பக்கத்து எஸ்டேட்டுலயும் ஒரே காலையில மூணு துரைங்களைச் சுட்டாங்க, ரெண்டு நாள்ல நாடு முழுக்க அவசரகாலம். எங்கப்பா எஸ்டேட்டுல கிராணியா, அதான் கணக்கரா, இருந்த காலத்துல லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி, கேட்டுல ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அரிசி கூட எண்ணித்தான் குடுப்பாங்க. அந்தக் காலத்து பயம் சட்டத்துல அப்படியே ஒக்காந்திருக்கு.

அதனால தம்பி, திரும்பி வரும்போது ஞாபகத்துக்கு ஒன்னுன்னு காலித் தோட்டாவைக் கூட பையில போட்டுக்கிட்டு வராத, சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டும் வராத. அது சட்டப்படி என்ன கணக்குன்னு விவாதம் பண்ண ஏர்போர்ட்டு நல்ல இடம் இல்ல.

ரவாங்_ரவி

ஐயா பயமுறுத்தாதீங்க லா 😄 தம்பி ஆஸ்திரேலியாவுக்குத்தானே போறாரு.

சரவணா, ஹார்னெட்டு ரொம்ப சின்ன தோட்டா. அதுல நேரா போகலன்னா வெடிமருந்து பத்தலன்னு அர்த்தம். கொஞ்சம் ஏத்துங்க, வெயிட்டான குண்டா போடுங்க, 55 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்குற சின்ன எடை அளவு) நல்ல சாமான், காத்துல ஆடாது. என் கூட்டாளி நியூசிலாந்துல அப்படித்தான் போடுறான். இல்லன்னா சேம்பரை, அதான் பேரல்ல தோட்டா ஒக்காருற குழியை, கொஞ்சம் குடைஞ்சு கே-ஹார்னெட்டா மாத்திடலாம், கேஸ் (மருந்து போடுற பித்தளைக் கூடு) உள்ள இடம் கூடும், வேகமும் கூடும். நீங்கதான் லேத்துக்காரராச்சே.

பால்மரத்து_பாலா

வணக்கம். நான் பொறந்தது லிந்தாங் பக்கத்துல, இப்ப பெண்டிகோவுல இருக்கேன், ஷெப்பார்ட்டன் பக்கம்தான். ஹார்னெட்டு நான் வருஷக்கணக்கா போடுறேன். ரவி தம்பி சொன்னதுக்கு அப்புறம் வரேன், அதுல ஒன்னு ஆபத்தானது, இன்னொன்னு வேலைக்கே ஆகாது.

முதல்ல இந்தத் தோட்டா எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை தானா புரியும். 1885 வாக்குல கரும்மருந்து காலத்துல .22 டபிள்யூசிஎஃப்னு ஒரு மெல்லிசு தோட்டா இருந்துச்சு. 1920-கள்ல ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில வேலை பாத்த சில பைத்தியக்காரங்க, டவுன்செண்ட் வேலன் மாதிரி ஆளுங்க, அந்தப் பழைய கேஸ்ல புது மருந்தைப் போட்டு விளையாடி வேகமாக்குனாங்க. 1930-ல வின்செஸ்டர் அதை விக்க ஆரம்பிச்சுது. வேடிக்கை என்னன்னா தோட்டா கடைக்கு வந்தப்ப அதுக்குன்னு ஃபேக்டரி துப்பாக்கியே கிடையாது, பிறகுதான் செஞ்சாங்க. அப்புறம் 1950-ல .222 ரெமிங்டன் வந்து ஹார்னெட்டை ஓரங்கட்டிடுச்சு.

அதனால உங்க மாமா கையில இருக்குறது கரும்மருந்துக் காலத்துக் கேஸ். சுவரு ரொம்ப மெல்லிசு, ஒடம்பு அடியில இருந்து கழுத்து வரைக்கும் சரிவு, கழுத்துத் தகடு ஆயிரத்துல பத்து இன்ச்சைத் தொடாது. ஹார்னெட்டு நேரா போகலன்னா நான் மருந்தைப் பாக்குறதுக்கு முன்னாடி கேஸைத்தான் எடுத்துப் பாப்பேன். காசு செலவாகுறதும் அங்கதான், மிச்சமாகுறதும் அங்கதான்.

இப்ப ரவி சொன்னது. பழைய ஹார்னெட்டு பேரல்ல திருகு, அதான் குண்டைச் சுத்த வைக்க உள்ள வெட்டியிருக்குற சுருள் பள்ளம், 16 இன்ச்சுக்கு ஒரு சுத்து. மெதுவான திருகு அது. 55 கிரெய்ன் நீளமான குண்டை அது சுத்தி நிலைநிறுத்தாது, அட்டையில குண்டு பக்கவாட்டுல அடிச்ச மாதிரி நீளமா ஓட்டை விழும். 35-ல இருந்து 45 கிரெய்ன் வரைக்கும்தான் இதோட உலகம். உங்க கூட்டாளிக்கு நியூசிலாந்துல 55 நல்லா போகுதுன்னா அவன் துப்பாக்கி புதுசு, திருகு வேகமா இருக்கும், அவ்வளவுதான்.

கே-ஹார்னெட்டு 1940 வாக்குல லைல் கில்போர்ன் செஞ்ச நல்ல வேலை, நான் மறுக்கல. ஆனா ஒரு பழைய பர்னோவைக் குடையுறதுக்கு எனக்கு மனசு வராது, மதிப்பும் போயிடும், கடைத் தோட்டா கிடைக்குற அன்னைக்கு அதைப் போட்டு சுட்டா கேஸ் தான் உப்பி வரும், ஒழுங்கான வேகமும் கிடைக்காது. மருந்தை ஏத்துறதப் பத்தி தனியா எழுதுறேன், சாப்பிடப் போறேன் இப்ப.

ரவாங்_ரவி

சரி அண்ணே சரி, திருகு விசயம் ஒத்துக்குறேன். ஆனா ஒரு சந்தேகம், இவ்வளவு கஷ்டத்துக்குப் பேசாம சாதாரண .22 எல்ஆர் வாங்கிட்டா என்ன, அதுக்கும் இதே மாதிரி மறுபடி போட முடியாதா?

பால்மரத்து_பாலா

முடியாது. அதுல பிரைமர்னு தனியா ஒன்னு கிடையாது, தீப்பிடிக்கிற பொருளை விளிம்புக்குள்ளயே சுத்தி விட்டிருப்பாங்க, ஒரு தடவை ஊசி அடிச்சா விளிம்பு நசுங்கிடும், முடிஞ்சுது. ஹார்னெட்டுக்கும் விளிம்பு இருக்கு ஆனா பிரைமர் நடுவுல, அதைத் தட்டிட்டு புதுசு போடலாம். 50 மீட்டருக்குள்ள முயலுன்னா .22 எல்ஆர் போதும், நான் கூட அதைத்தான் எடுப்பேன். நரி 100, 120 மீட்டர்ல நிக்கும்போதுதான் ஹார்னெட்டு. லைசன்ஸ்லயும் வித்தியாசம், விக்டோரியாவுல அது ஏ பிரிவு, இது பி பிரிவு, மாமாவுக்கு பி இருக்குன்னுதான் நினைக்கிறேன் இல்லன்னா மாத்திக் கொடுத்திருக்க மாட்டாங்க.

லேத்_சரவணன்

ஆமாண்ணே பி இருக்கு, கேட்டுட்டேன். கேஸைப் பத்தி இன்னும் சொல்லுங்க. மாமா டை செட்டுல வந்த மாதிரியே கேஸை முழுசா அமுக்கி எடுக்குறாராம், ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் விளிம்புக்கு மேல ஒரு பளபளப்பு வளையம் தெரியுதுன்னு போட்டோ அனுப்பியிருக்காரு. சிலதுல குண்டு ஒக்கார வைக்கும்போது கழுத்து ஈர அட்டைப்பெட்டி மாதிரி மடங்கிடுது.

பால்மரத்து_பாலா

அந்தப் பளபளப்பு வளையம் இருக்குற கேஸையெல்லாம் இன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லுங்க, இன்னைக்கே. பிளையர்ல நசுக்கிட்டு போடணும், திரும்ப யாரும் எடுக்கக் கூடாது. உள்பக்கம் தகடு இழுபட்டு மெலிஞ்சு போன அடையாளம் அது, அடுத்த தடவையோ அதுக்கு அடுத்த தடவையோ அங்கயே ரெண்டா பிஞ்சு சூடான காத்து போல்ட்டு பக்கம் வரும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைச்சு கேஸ் உள்ள விட்டு அடிச்சுவரைத் தடவிப் பாத்தா பள்ளம் தட்டும், லேத்துக்காரர் விரலுக்கு உடனே தெரியும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பழைய ஹார்னெட்டு சேம்பர்ங்க ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாது, சிலது தாராளமா இருக்கும். சுடும்போது கேஸ் உப்பி சேம்பர் அளவுக்கு வருது. நாம டையில போட்டு அதை முழுசா ஒடுக்குறோம். மறுபடி உப்புது, மறுபடி ஒடுக்குறோம். ஒவ்வொரு தடவையும் பித்தளை முன்பக்கமா நகருது. வழி என்னன்னா, ஒரே துப்பாக்கிக்குத்தானே போடுறோம், கழுத்தை மட்டும் ஒடுக்குனா போதும். ஒடம்பு சேம்பர் அளவுலயே இருக்கட்டும். அப்ப கேஸ் தோள்லயும் (ஒடம்பு கழுத்தா ஒடுங்குற இடம்) சேந்து நடுவா ஒக்காரும், விளிம்பை மட்டும் நம்பி ஆடிக்கிட்டு இருக்காது. துல்லியமும் கூடும், கேஸ் ஆயுசும் கூடும். போல்ட்டு மூட இறுக ஆரம்பிச்சா அப்ப மட்டும் ஒரு தடவை லேசா முழு டை.

கழுத்து மடங்குறதுக்கு மூணு காரணம் இருக்கலாம். வாய் உள்விளிம்பை சாய்ச்சு விடாதது, நீளம் ஒரே அளவா வெட்டாதது (முழு நீளம் 1.403 இன்ச்சுக்கு மேல போகக் கூடாது, பத்து தௌ, அதான் ஆயிரத்துல பத்து இன்ச்சு, கம்மியா எல்லாத்தையும் ஒன்னா வெட்டிடுங்க), அப்புறம் பித்தளை வேலைசெஞ்சு வேலைசெஞ்சு இறுகிப் போறது. முதல் ரெண்டும் சரவணனுக்குச் சொல்லவே வேணாம். மூணாவதுக்கு கழுத்தைக் காய்ச்சணும்.

பத்தர்_வீட்டுப்_பையன்

இப்ப எங்க ஏரியாவுக்கு வந்துட்டீங்க 😀 பட்டறை எங்க தாத்தா காலத்துல இருந்து. காய்ச்சுறதுன்னா இரும்பு மாதிரி நினைச்சுடக் கூடாது. இரும்பைச் சிவக்க வச்சு தண்ணியில போட்டா இறுகும், செம்பு பித்தளை தங்கம் வெள்ளி எல்லாம் சூடு பட்டதும் இளகிடும், தண்ணியில போட்டாலும் இறுகாது, சீக்கிரம் ஆறும் அவ்வளவுதான். நாங்க கம்பி இழுக்கும்போது இடையில இடையில காய்ச்சுவோம் இல்லன்னா ஒடஞ்சுடும். நல்லா சிவக்க விட்டுட்டு தண்ணியில போடுங்க, வெண்ணெய் மாதிரி வரும்.

பால்மரத்து_பாலா

தம்பி சொன்ன அடிப்படை நூத்துக்கு நூறு சரி, ஆனா சிவக்க விடக் கூடாது. தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம். நகைக்கம்பியில முழுசா இளகணும், இங்க கழுத்து மட்டும் கொஞ்சம் இளகணும், அடிப்பக்கம் கெட்டியாவே இருக்கணும். அடி இளகிப் போச்சுன்னா அழுத்தத்துல விரிஞ்சு பிரைமர் கழண்டு விழும், அது விளையாட்டு இல்ல, மூஞ்சிக்கு நேரா நடக்குற சமாச்சாரம்.

பழைய ஆளுங்க முறை ஒன்னு இருக்கு. கேஸோட அடியை வெறும் விரல்ல பிடிச்சுக்கிட்டு கழுத்தை மெழுகுவத்தி சுடர்ல சுத்திக்கிட்டே இருக்கணும், விரலு சுடுதுன்னு தோணுன உடனே ஈரத்துணியில போட்டுடணும். அடிக்குச் சூடு ஏறவே விடாது அந்த முறை, ஏன்னா ஏறுனா நாமளே கத்திடுவோம். கரியைத் தொடைச்சுட்டா முடிஞ்சுது. அதுக்குன்னு விக்கிற மிஷினு வாங்கணும்னு மாமா ஆசைப்பட்டா தடுத்துடுங்க, நூறு கேஸுக்கு மெழுகுவத்தி போதும்.

பத்தர்_வீட்டுப்_பையன்

ஓ அப்படியா, சரி சரி. சிவக்க விட்டா துத்தநாகமும் கொஞ்சம் புகையா போகும்தான், பட்டறையில அந்த வெள்ளைப்புகை வந்தா தாத்தா திட்டுவாரு.

தராசு விசயம் கேக்கணும். சரவணன் மாமா என்ன தராசு வாங்கியிருக்காரு? ஆன்லைன்ல நகைத் தராசுன்னு மலிவா விக்கிறாங்களே அதுவா?

லேத்_சரவணன்

ஆமா அதேதான், 0.01 கிராம் வரைக்கும் காட்டும்னு போட்டிருக்காம்.

பத்தர்_வீட்டுப்_பையன்

அப்ப ஆகாது. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். தராசு 0.01 கிராம் படியில தாவுதுன்னா ஒவ்வொரு தாவலும் 0.15 கிரெய்ன். அதுவும் அவனே சொல்ற கணக்கு, உள்ளபடி முன்னப்பின்ன இன்னும் ஒரு தாவல் இருக்கும். 0.001 கிராம் காட்டுறது வேணும். எங்க தாத்தா குண்டுமணி வச்சு நிறுத்தவரு, ஒரு குண்டுமணியே ஏறக்குறைய 0.12 கிராம், ரெண்டு கிரெய்னுக்குக் கொஞ்சம் கம்மி, அப்ப பாத்துக்குங்க நீங்க பேசுறது எவ்வளவு சின்ன அளவுன்னு. ஃபேனை நிறுத்திட்டு நிறுக்கணும், செல்போனைத் தள்ளி வைக்கணும், எடைக்கல்லு வச்சு நடுநடுவுல சரிபாக்கணும். எலெக்ட்ரானிக்கு பிடிக்கலன்னா பழைய கோல் தராசு இன்னும் நம்பிக்கையானது, அது பொய் சொல்லாது.

பால்மரத்து_பாலா

இதைத்தான் நான் எழுதணும்னு இருந்தேன், தம்பி முந்திக்கிட்டாரு. ஹார்னெட்டுல மொத்த மருந்தே பத்துப் பன்னெண்டு கிரெய்ன் சுத்திதான். பெரிய தோட்டாவுல 50 கிரெய்ன் போடுறவனுக்கு 0.3 தப்புனா அரை பர்சென்ட்டு, கண்டுக்க மாட்டான். ஹார்னெட்டுல அதே 0.3 கிட்டத்தட்ட மூணு பர்சென்ட்டு. ரவி தம்பி, கொஞ்சம் ஏத்துங்கன்னு சொன்னீங்களே, அந்தக் கொஞ்சம்ங்கிறது இங்க ரொம்பப் பெருசு.

நான் இங்க எத்தனை கிரெய்ன்னு எழுத மாட்டேன், யாரும் கேக்காதீங்க. மருந்து செய்யுற ஏடிஐ கம்பெனி தன்னோட கையேட்டை இலவசமா குடுக்குது, ஏஆர்2205-ங்கிற மருந்துக்கு ஹார்னெட்டு கணக்கு அதுல இருக்கு, அமெரிக்காவுல இதே மருந்தைத்தான் ஹாட்ஜ்டன் எச்4227-னு விக்கிறாங்க. லில்கன்ங்கிற மருந்து கிடைச்சா அதுவும் ஹார்னெட்டுக்கு ரொம்பப் பேரு விரும்புறது. புத்தகத்துல ஆரம்ப அளவுன்னு போட்டிருக்குறதுல ஆரம்பிங்க, அவன் சொன்ன அதே குண்டு, அதே பிரைமர். முகநூல்ல எவனோ போட்ட கணக்கு வேணவே வேணாம்.

இன்னொன்னு, வேகமா எரியுற பிஸ்டல் மருந்தைக் கொஞ்சூண்டு போட்டா மலிவுன்னு ஒரு கூட்டம் சொல்லும். மலிவுதான், ஆனா அந்த மருந்து கேஸ்ல பாதி கூட நிரப்பாது, ரெண்டு தடவை கொட்டிட்டாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாது. கேஸ் கிட்டத்தட்ட நிரம்புற மருந்தா எடுத்தா ரெண்டாவது தடவை கொட்டும்போதே மேசையில வழிஞ்சுடும். பழகுற ஆளுக்கு அதுதான் சரி. என்ன மருந்தா இருந்தாலும் குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி எல்லா கேஸையும் பலகையில நிக்க வச்சு டார்ச்சு அடிச்சு ஒரு பார்வை பாக்கணும். மேசையில ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும்.

மீனா_டீச்சர்

நான் துப்பாக்கியைத் தொட்டது கூட இல்ல, பிசிக்ஸ் சொல்லிக் குடுக்குறேன், தம்பி லிங்க் அனுப்புனான்னு வந்து படிச்சேன், சுவாரசியமா இருக்கு. ஒரு கேள்வி, ஒரு ஆலோசனை.

கேள்வி: ஒரு பிராண்டு நல்லா போகுது இன்னொன்னு போகலன்னு எத்தனை குண்டு சுட்டு முடிவு பண்ணாரு மாமா?

லேத்_சரவணன்

மூணு டீச்சர். எல்லாரும் மூணுதான் சுடுவாங்களாம்.

மீனா_டீச்சர்

அதான் நினைச்சேன். மூணு புள்ளிய வச்சு சிதறல் அளவு சொல்ல முடியாது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, எதையும் மாத்தாம மூணு மூணா சுட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு கூட்டம் சின்னதா வரும் அடுத்தது அதைப்போல ரெண்டு பங்கு வரும், எல்லாம் வெறும் தற்செயல். சின்னதா வந்த அட்டையை ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சுட்டு பெருசா வந்ததுக்கு என் கை ஆடிடுச்சுன்னு சொல்லிக்குவாங்க, மனுஷ இயல்பு. பத்து குண்டு ஒரே அட்டையில, அதுவே ரெண்டு மூணு அட்டை, அப்பதான் ஒரு மாத்தம் உண்மையிலயே வேலை செஞ்சுதான்னு சொல்லலாம். ஒரு நேரத்துல ஒன்னு மட்டும் மாத்தணும், மருந்தும் குண்டும் பிரைமரும் ஒன்னா மாத்துனா எது காரணம்னு எப்படித் தெரியும்.

அப்புறம் அளவை கோணமா எழுதிப் பழகச் சொல்லுங்க, 100 மீட்டர்ல ஒரு கலை நிமிடம், அதான் ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு, 29 மில்லிமீட்டர், 50 மீட்டர்ல அதுல பாதி. தூரம் மாறுனாலும் ஒப்பிடலாம்.

ரவாங்_ரவி

பத்து பத்தா சுட்டா மலிவு எங்க இருந்து வரும் டீச்சர் 😅

பால்மரத்து_பாலா

டீச்சர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. மூணு சுட்டு முடிவு பண்ணி, மாத்தி, மறுபடி மூணு சுட்டு, இப்படிச் சுத்திக்கிட்டே இருக்குறவன்தான் மருந்தை வீணாக்குறான். ஒழுங்கா பத்து சுட்டா சீக்கிரம் முடிவுக்கு வரலாம்.

செலவு கணக்கு இப்படிப் பாருங்க. விலை எழுத மாட்டேன், மாசத்துக்கு மாசம் மாறுது, பிரைமர் 2020-க்கு அப்புறம் ஒரு காலத்துல தங்கமா போச்சு. ஆனா அளவு மாறாது. ஒரு பவுண்டு மருந்துன்னா 7000 கிரெய்ன், பன்னெண்டு வச்சாலும் 580 தோட்டாவுக்கு மேல வரும். அதுதான் ஹார்னெட்டோட அழகு, மருந்து செலவு ஒன்னுமே இல்ல. பிரைமர் தவிர்க்க முடியாது. குண்டும் தவிர்க்க முடியாது, ஈயத்தை உருக்கி நாமளே வார்த்தாத்தான் அதுல மிச்சம். மீதி எல்லாம் கேஸ். ஒரு கேஸ் நாலு தடவையில செத்துப் போச்சுன்னா கடைத் தோட்டாவை விட பெருசா மிச்சம் இல்ல, அதே கேஸை கழுத்து மட்டும் ஒடுக்கி, காய்ச்சி, மிதமான மருந்துல பத்துக்கு மேல கொண்டு போனா அப்பதான் காசு தெரியும். மருந்தை உச்சத்துக்கு ஏத்துறவனுக்கு இந்தக் கணக்கு எப்பவும் சரிப்பட்டு வராது, வேகத்துல கிடைக்கிற கொஞ்சத்தை கேஸ்ல கோட்டை விடுறான்.

நேர்மையா ஒன்னு சொல்றேன், வீட்டுல போட ஆரம்பிச்ச யாரும் மொத்தத்துல கம்மியா செலவு பண்றது இல்ல. அதே காசுக்கு நிறைய சுடுவோம். மாமிகிட்ட மிச்சம் பண்ணுறேன்னு சொல்லி பிரஸ் வாங்கியிருந்தா அது மாமா பாடு.

லேத்_சரவணன்

😂 மாமி இதைப் படிக்காம இருக்கட்டும்.

அண்ணே நான் ஒன்னு யோசிச்சேன். குண்டு கேஸ்ல நேரா ஒக்காருதான்னு பாக்க, அங்க மாமா ஷெட்டுல இருக்குற வீ-பிளாக்குல தோட்டாவைப் படுக்க வச்சு மேல டயல் கேஜ் வச்சு சுத்தினா கோணல் தெரிஞ்சுடும்ல? இங்க நாங்க ஷாஃப்டு பாக்குறது அப்படித்தான்.

பால்மரத்து_பாலா

அதேதான், அதுக்குன்னு விக்கிற கருவியும் உள்ளுக்குள்ள அதுதான், பேருக்குத்தான் காசு. மெல்லிசுக் கழுத்து, கொஞ்சம் இழுத்தாலும் ஒரு பக்கமா சாயும். டையில விரிக்கிற உருண்டை வறட்சியா கழுத்து வழியா வெளிய வரும்போது இழுத்துக்கிட்டு வருது, உள்பக்கம் துளி கிராஃபைட்டு தடவுங்க. லீ கம்பெனி காலெட் டைன்னு ஒன்னு ஹார்னெட்டுக்கும் போடுறாங்க, வெளியில இருந்து கழுத்தை ஒரு கம்பி மேல அமுக்குது, இழுப்பே கிடையாது, எண்ணெயும் வேணாம். காசு போடச் சொன்னா முதல்ல தராசு, ரெண்டாவது இந்த டை. குண்டை ஒக்கார வைக்கும்போது பாதி வரைக்கும் இறக்கிட்டு தோட்டாவை அரைச்சுத்து திருப்பி மீதியை இறக்குங்க. கோணலா வந்ததைத் தூக்கிப் போட வேணாம், பேரல் சூடு பண்ண, ஸ்கோப்பு செட் பண்ண வச்சுக்கலாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி துப்பாக்கியைப் பாக்கணும், நான் தலைகீழா எழுதிட்டு வரேன். பேரலுக்குள்ள பல வருஷத்து செம்புப் படிவு இருக்கும், நீலக்கறை துணியில வர்றது நிக்கிற வரைக்கும் கழுவணும். வாய் விளிம்புல நசுங்கல் இருக்கான்னு பாக்கணும். ஸ்கோப்பு திருகு, கட்டையைப் பிடிச்சிருக்குற திருகு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்கணும், பாதி துல்லியப் பிரச்சனை அங்கயே தீந்துடும். அப்புறம் பேரலை அளக்கணும். போருக்கு முந்தின ஹார்னெட்டுங்கள்ல பள்ளம் .223 இன்ச்சு, பின்னாடி வந்ததுல .224. மிருதுவான ஈயத்துண்டு ஒன்னை எண்ணெய் போட்டு பேரல் வழியா மெதுவா தள்ளி எடுத்து மைக்ரோமீட்டர்ல அளந்தா தெரிஞ்சுடும், போல்ட்டைக் கழட்டி வச்சுட்டு செய்யுங்க. அதைத் தெரிஞ்சுக்காம குண்டு வாங்காதீங்க. பர்னோ மேகசின் சின்னது, பிளாஸ்டிக்கு மூக்கு வச்ச நீளக் குண்டு சிலது உள்ள போகாது, வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒன்னை மருந்து இல்லாம, பிரைமர் இல்லாம போட்டுப் பாருங்க.

கிராணி_மகன்

கட்டையப் பத்தி ஒன்னு. அந்தக் காலத்துல எஸ்டேட்டுல இருந்த துப்பாக்கிங்க மழைக்காலத்துல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி அடிக்கும்னு கான்ஸ்டபிளுங்க பேசிக்குவாங்க. மரம் ஈரத்துல ஊதி பேரலைத் தள்ளும். ஷெப்பார்ட்டன்ல நம்ம ஊரு மாதிரி ஈரம் இல்ல, ஆனாலும் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையுதான்னு பாக்கச் சொல்லு. இன்னொன்னு, பெரியவர் துப்பாக்கியோட பழைய தோட்டாப் பெட்டியும் குடுத்திருந்தா ஜாக்கிரதை, அந்தக் காலத்து சில பிரைமர்ல உப்பு தங்கும், சுட்டுட்டு அப்படியே வச்சா பேரல் ஒரே வாரத்துல துரு. சுடுதண்ணி ஊத்திக் கழுவி, காயவச்சு, எண்ணெய் போடணும். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது.

மீனா_டீச்சர்

ஈயத்துண்டுன்னு வந்ததும் கேக்குறேன், குண்டு வார்க்கிறதுன்னு மேல ஒருத்தர் சொன்னீங்களே, அது வீட்டுல செய்யுற வேலையா? ஈயம் பிள்ளைங்க இருக்குற வீட்டுல ஆகாதே.

லேத்_சரவணன்

ஆமாண்ணே அதுதான் என் கடைசி கேள்வியும். மாமா டயர் கடையில பழைய வீல் வெயிட்டு ஒரு வாளி வாங்கி வச்சிருக்காரு. வார்த்தா ஹார்னெட்டுக்கு ஆகுமா? பிள்ளைங்க அங்க இல்ல டீச்சர், ரெண்டு பேருந்தான்.

பால்மரத்து_பாலா

ஆகும், முயலுக்கு ரொம்ப நல்லா ஆகும், ஆனா அது இன்னொரு துப்பாக்கி மாதிரி நினைச்சுக்கணும். வேகம் கம்மி, சத்தம் கம்மி, 50-ல இருந்து 70 மீட்டர். நரிக்கு கடைக் குண்டேதான். லைமன் 225438-ங்கிற அச்சு ஹார்னெட்டுக்குப் பேர் போனது, குட்டைக் குண்டு, 16 இன்ச்சு திருகுக்குப் பொருந்தும், அடியில ஒரு செம்புக் கிண்ணம் மாட்டணும், அது இல்லாம வேகமா விட்டா ஈயம் உருகி பேரல்ல ஒட்டும். பேரல் அளவை விட ஒரு தௌ பெருசா இருக்கணும். வார்த்த குண்டுக்குன்னு தனியா இருக்குற மருந்துக் கணக்குதான் பாக்கணும், கடைக் குண்டுக் கணக்கைக் கொறைச்சு இஷ்டத்துக்குப் போடக் கூடாது, சில மருந்து கொறைச்சா சரியா எரியாம குண்டு பேரல் நடுவுல நின்னுடும், அது தெரியாம அடுத்தது சுட்டா பேரல் போச்சு.

வாளியில துத்தநாகமும் கலந்திருக்கலாம் இந்தக் காலத்துல. ஈயம் உருகுறது 327 டிகிரி, துத்தநாகம் 419. சூட்டை 400-க்குக் கீழ வச்சுக்கிட்டா துத்தநாகத் துண்டு உருகாம மேல மிதக்கும், கரண்டியில எடுத்துடுங்க, கலந்துட்டா அச்சுல ஒழுங்கா நிரம்பாது. டீச்சர் கவலை நியாயம். ஷெட்டுக்கு வெளிய, காத்தோட்டமா, மாமி சமையல் பாத்திரம் எதுவும் இல்லாம. மழை வந்தா நிறுத்திடுங்க, உருகுன ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா மொத்தமும் வெடிச்சுத் தெறிக்கும். வேலை செய்யுற எடத்துல டீ குடிக்கக் கூடாது, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு அந்த சட்டையைத் தனியா துவைக்கணும்.

சரவணா, மாமாவை செம்புக் கிண்ணம் .22 அளவுல ஆயிரம் உள்ள பெட்டி ஒன்னு இப்பவே ஆர்டர் போட்டு வைக்கச் சொல்லுங்க, அச்சு உடனே வந்துடும், கிண்ணம்தான் வர்றதுக்கு லேட்டாகும்.